கம்பிக் கார்

"போன தடவை மாதிரி 'அப்பாதான் செஞ்சார்'னு உளறிடாதே. புரியுதா?" என்றார் ஒபுயா, கம்பியை வளைத்துக்கொண்டே.

போன தடவை பிராஜெக்ட், சோளக்கொல்லைப் பொம்மை. அதற்கு மகள் அகேயோ வாங்கியது முட்டை. கிசுமு ஊரில் எந்த வீட்டில்தான் பெற்றவர்கள் செய்து கொடுக்கவில்லை? மாட்டிக்கொண்டது என்னவோ இவர் ஒருவர்தான். இதிலும் முட்டை என்றால் நாலாம் வகுப்பிலேயே அவள்தான் கடைசி.

"நீங்க சின்ன வயசுல செஞ்ச மாதிரியே செய்யுங்கப்பா."

"பின்னே? பழைய செருப்பை வெட்டிச் சக்கரம். நீளக் கம்பியில ஸ்டியரிங். நானும் எங்க அண்ணன் ஒச்சோலாவும் ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக்கிட்டே போவோம். ஹாரன் வாயாலதான்!"

"சண்டை வருமா?"

"வராம? ஒரு நாள் என் கார் ஏரிக்குள்ள போயிடுச்சு. நான் அழுத அழுகையில தன்னோடதை எங்கிட்டக் கொடுத்துட்டு, வெறுங்கையோட வந்தான். அப்படி ஒரு அண்ணன்..." கம்பி நுனியை மடக்கினார். "அவன் செத்தப்புறம் இன்னிக்குத்தான் கம்பியைத் தொடறேன். சரி, கேள்வி கேட்டுத் துளைக்காதே. அந்தச் செருப்பை எடு!"

"நீங்களே எடுங்கப்பா."

"சோம்பேறிக் கழுதை!" என்று சிரித்தபடி எழுந்தார்.

கார் முடிந்ததும் முற்றத்தில் மூன்று சுற்று ஓட்டிப் பார்த்தார். நாற்பது வயது மனிதர், வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு!

மறுநாள் பள்ளியில் டீச்சர் நெரிமா காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடேயப்பா, பிரமாதமா இருக்கே! யார் செஞ்சது?"

அகேயோ வாயைத் திறப்பதற்குள், காரைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்த ஒபுயா முந்திக்கொண்டார். "அவளேதான் டீச்சர். சத்தியமா நான் ஒரு கம்பியைக்கூடத் தொடலை!"

அகேயோ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டீச்சரின் முகம் மாறிவிட்டது. "தொடலையா? வீட்டுப் பெரியவங்க தங்களோட சின்ன வயசு விளையாட்டுச் சாமானைத் தாங்களே செய்யணும், பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து கதை கேட்டு எழுதணும். அதுதாங்க பிராஜெக்ட்! சொன்னா எழுதறதையும் நீங்களே எழுதிடுவீங்கன்னுதான் உங்ககிட்ட மறைக்கச் சொன்னேன்."

அகேயோ கொடுத்திருந்த நோட்டை அவர் முன்னால் விரித்தார்.

"அப்போ, உங்க அண்ணனைப் பத்தி இவ ஆறு பக்கம் எழுதியிருக்காளே... அத்தனையும் பொய்யா?"