முதுகைச் சுரண்டினது யாரு?

"தர்சோனோ, திரும்பி நில்லு. யாரு சுரண்டி விட்டா?"

பக்கத்து வீட்டு வுர்யானியோட குரல். எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவர்தான். புருஷனை எப்பவும் "மஸ்"னு மரியாதையா கூப்பிடறவ, எங்க ஜாவாவுல அப்படித்தான். இன்னைக்குப் பேரைச் சொல்லிக் கத்தறான்னா விஷயம் பெருசு. கையில இருந்த கரண்டியோட ஓடினேன்.

குளிச்சிட்டு வந்த தர்சோனோ சட்டையில்லாம நின்னான். முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் மீன் முள் மாதிரி சிவப்புக் கோடுகள்.

உடம்புல காத்து புகுந்துட்டா தைலம் தடவி, காசோட விளிம்பால முதுகைச் சுரண்டி விடுவோம். சளியோ, தலைவலியோ, மனசு சரியில்லையோ, எங்களுக்கு அதுதான் முதல் வைத்தியம். ஆனா தன் முதுகைத் தானே சுரண்டிக்க முடியாது. சட்டையைக் கழட்டிக் குப்புறப் படுத்து, இன்னொருத்தர் கையில முதுகைக் குடுக்கணும். பொண்டாட்டி செய்வா, இல்ல அம்மா செய்வா. இவன் அம்மா இருக்கறது கடல் தாண்டி சுமத்ராவுல.

அப்போ இது யாரு?

வண்டி ஓட்டி வலி வந்துதாம், தெரிஞ்சவங்க யாரோ சுரண்டி விட்டாங்களாம். யாருன்னு கேட்டா தரையைப் பார்க்கறான். கல்லுளிமங்கன். எனக்கே பத்திக்கிட்டு வந்துது.

வுர்யானி வீட்டுல அந்தக் காசும் கிடையாது, தைலமும் கிடையாது. போன நோன்பு மாசமே ரெண்டையும் சாக்கடையில வீசிட்டா. அவ அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து வேர்த்துக் கொட்டியிருக்கு. காத்து நெஞ்சுல உக்காந்துடுச்சுன்னு சொல்லி, அவ அப்பா மணிக்கணக்கா சுரண்டிக்கிட்டே இருந்திருக்கார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்போ உயிர் இல்ல. மாரடைப்புன்னு சொல்லிட்டார் டாக்டர்.

அடக்கம் முடிஞ்ச கையோட, அத்தனை பேர் முன்னாடி அப்பாவைப் பார்த்து, "அம்மாவைக் கொன்னது உன் கைதான்"னு சொன்னா வுர்யானி. அடுத்த சந்துலதான் அவர் வீடு. அதுக்கப்புறம் அந்த வாசலை இவ மிதிக்கல. அவ கோவத்துல நியாயம் இருக்கு. பெத்தவளைப் பறிகொடுத்தவளுக்குப் புத்தி சொல்ல நாம யாரு?

அதுக்குள்ள சந்துல ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பொண்டாட்டி செய்யலன்னா ஆம்பளை வெளிய போகத்தான் செய்வான்னு ஒருத்தி நியாயம் பேசினா. எனக்கு அவ வாயிலயே போடணும்போல இருந்துது. சந்து முனையில மூலிகைச் சாறு விக்கற ஜினெம்கிட்ட தைலமும் இருக்கு, சிரிச்சுச் சிரிச்சுப் பேசவும் தெரியும்னு இன்னொருத்தி எடுத்துக் குடுத்தா.

வுர்யானி நேரா அங்க போய் நின்னா. ஜினெம் அசரல.

"உன் புருஷன் முதுகு எனக்கு எதுக்குடி? என் வீட்டுல இருக்கறதே எருமை முதுகு. அதைச் சுரண்டவே எனக்குக் கை பத்தல."

சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அந்தச் சிரிப்பு வுர்யானியை இன்னும் ஏத்தி விட்டுடுச்சு. விறுவிறுன்னு வீட்டுக்கு வந்தா. அவன் சட்டை, கைலி எல்லாத்தையும் அள்ளித் தெருவுல எறிஞ்சா.

"பேரைச் சொல்லு. இல்லன்னா அவகூடவே போய் இருந்துக்கோ. இந்தப் படி ஏறாதே."

அவன் குனிஞ்சு ஒரு சட்டையை எடுத்தான். அதை உதறிக்கிட்டே மெதுவா சொன்னான்.

"உன் அப்பா."

அப்பாடா, பொம்பளை சமாச்சாரம் இல்லன்னு நான் மூச்சு விட்டேன். வுர்யானிக்கோ வெறியே பிடிச்சுடுச்சு.

"அந்தக் கைகிட்டயா போய் முதுகைக் குடுத்தே? நாளைக்கு உனக்கு நெஞ்சு வலிச்சாலும் அங்கதான் போய்ப் படுப்பியா? என்னை விதவையாக்கணுமா உனக்கு?"

அப்பாவையே போய்க் கேக்கறேன்னு கிளம்பினவளை அவன் மறிச்சான். கல்யாணமாகி வந்த நாளா அவன் அவளை மறிச்சு நான் பார்த்ததில்ல.

"நெஞ்சு வலிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். அன்னைக்கும் அங்கதான் போயிருக்கணும். நீ கோவப்பட்டதைத் தப்புன்னு சொல்லல. ஆனா எனக்குக் காத்தும் புகல, வலியும் இல்ல."

"பின்னே எதுக்குப் போய்ப் படுத்தே?"

போன மாசம் இவளுக்குத் தெரியாம மாமனாருக்கு அரிசி குடுக்கப் போயிருக்கான். அவர் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கார். வலது கையைத் துணியால சுத்தி மடியில வெச்சுக்கிட்டு, இடது கையால.

கால் கழுவற கையால எங்க ஊர்ல பிச்சைக்காரன்கூட சோறு தொடமாட்டான். தினமும் தொழுகைக்குப் போற மனுஷன் அவர்.

"கையில அடியான்னு கேட்டேன். இல்ல, இந்தக் கையால இனிமே எதையும் தொடறதா இல்லன்னார்"னு சொன்னான் தர்சோனோ. "அதான் முதுகு வலின்னு பொய் சொன்னேன். தினமும் போய் அவர் முன்னாடி குப்புறப் படுத்துப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு திட்டுவார், அழுவார், தொடமாட்டார். நானும் விடல."

வுர்யானி தெருவுல கிடந்த அவன் கைலியைக் குனிஞ்சு எடுத்தா.

"நேத்துதான் அந்தத் துணியை அவுத்தார். சுரண்டி முடிச்சிட்டு, கையைக் கழுவிட்டு வந்து, வலது கையால சோறு தின்னார்."