வசனமில்லாத வேடம்

மேடையில் ஐம்பது வருடம், சினிமாவில் நாற்பது படம். அந்த மிதப்பில் நடிகை ஹெர்மினே படுத்திய பாட்டில், நாடக அரங்கின் மேலாளர் பெர்தோல்டுக்குக் கொடுத்த காப்பி ஆறிப்போனது.

"எனக்கு ஒரு வசனங்கூட இல்லையா?"

"சவப்பெட்டிக்குள்ள படுத்திருக்கிறவங்களுக்கு ஏது மேடம் வசனம்?"

"சரி, தூக்குறது யாரு?"

"நம்ம நடிகருங்கதான். ஆறு பேர்."

"ரூடிகர் மட்டும் வேணாம். போன தடவை பார்த்தேனே, ட்ராம் பிடிக்கப் போறவன் மாதிரி ஓடினான்."

"மாத்திடறேன்."

"எத்தனை சுத்து?"

"ஒண்ணுதான் மேடம்."

"என் போட்டிக்காரி லியோனிக்கு?"

"அவங்களுக்கும் ஒண்ணுதான்."

"அப்படின்னா சரி. வெளிச்சம் இடதுபக்கம் விழட்டும். வலதுபக்கம் என் மூக்கு எடுப்பா இருக்காது."

"பெட்டி மூடியிருக்கும் மேடம்."

"இருந்தா என்ன? எனக்குத் தெரியுமில்ல!"

பெர்தோல்ட் அதையும் எழுதிக்கொண்டார்.

"தேதி மட்டும் பாக்கி மேடம்."

"அது என் கையில இல்ல. ஈஸ்டர் தாண்டாதுன்னு டாக்டர் சொல்றார்."

பெர்தோல்ட் அந்த இடத்தைக் காலியாக விட்டார். கௌரவக் கலைஞர் யார் இறந்தாலும், கூடியிருப்பவர்கள் கைத்தட்ட, சக நடிகர்கள் பெட்டியைச் சுமந்து அரங்கை ஒருமுறை சுற்றிவருவது வியன்னாவில் பழைய வழக்கம். அதற்கு முன்கூட்டியே ஆளனுப்பி மேலாளரை வரவழைத்தவர் இவர் ஒருவர்தான்.

கட்டிலருகே இருந்த நாற்காலியிலிருந்து பெர்தோல்ட் எழுந்து கதவு வரை போனார்.

"பெர்தோல்ட்!" தலையணையிலிருந்து குரல் வந்தது. "கைத்தட்டல் அடங்கறதுக்குள்ள என்னை வண்டியில ஏத்திடாதீங்க."