உறையின் மூலையில் இருக்கும் பெயர்

நாடு முழுக்கத் தோற்ற கட்சியின் அலுவலகத்தில், ஜன்னல் கம்பிகளைத் தாண்டிப் பகல் வெயில் மூன்று சாக்குகள் மேல் விழுகிறது. 'எங்கே சறுக்கினோம், இனி எப்படி மாறணும், மனம்விட்டு எழுதுங்கள்' என்று தலைவர் கேட்டதை நம்பித் தொண்டர்கள் எழுதிய கடிதங்கள். செயலாளர் கட்டைவிரலை நக்கி நக்கி ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். தலைவரைக் குறை சொல்லியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். சொல்லியிருந்தால் கடிதம் குப்பைக்கூடைக்கு, உறை டைப்பிஸ்ட் மேசைக்கு. உறையின் மூலையில் இருக்கும் பெயரை, கட்சியிலிருந்து நீக்கப்படுவோர் பட்டியலில் அவள் அடிக்கிறாள். தோல்வியை ஆராயும் லட்சணம் இது. சிந்திய டீயை ஒரு கடிதத்தாலேயே துடைக்கிறார் செயலாளர். நீல மை கரைந்து விரலில் ஒட்டுகிறது. அதைப் பேன்ட்டில் தேய்த்துக்கொள்கிறார். "கேட்டா, வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதிடுவானுங்களா?" அடுத்த உறை வந்ததும் டைப்பிஸ்டின் விரல்கள் நின்றுவிடுகின்றன. முப்பது வருஷமாகப் பசை வாளியோடு சுவர் சுவராய் அலைந்து கட்சி போஸ்டர் ஒட்டிய அவள் அண்ணனின் கோணல் கையெழுத்து. செயலாளர் எட்டிப் பார்க்கிறார். "உங்க அண்ணன்தானே?" அவள் தலையசைக்கிறாள். பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே அவர் சிரிக்கிறார். "நல்லதாப் போச்சு. பேரு தப்பில்லாம வரும், அடிங்க."