கழுத்தளவுக் கோடு

முதலியார்பேட்டையில், வாய்க்காலை ஒட்டிய சமுதாயக்கூடத்துச் சுவரில் புதிதாக அடித்த வெள்ளை, வெயில் பட்டுக் கண் கூசுகிறது. நாளைக்கு இங்கே வெள்ள மீட்பு ஒத்திகை. பெயிண்டர் முக்காலியில் உட்கார்ந்து, ‘அவசர உதவிக்கு’ என்று சிவப்பில் எழுதி, அதற்குக் கீழே எண்ணின் கடைசி இலக்கத்தை இழுத்து முடிக்கிறார். தண்ணீர்க் குடத்தோடு வந்த வேளாங்கண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. போன மழையில் வெள்ளம் ஏறிய உயரத்தைத் தெருக்காரர்கள் அந்தச் சுவரில்தான் கரியால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருந்தார்கள். இப்போது அது இல்லை.

“கோட்ட ஏன் சார் அழிச்சீங்க?”

“அழுக்கா இருந்துச்சும்மா. நாளைக்குப் பெரியவங்கல்லாம் வர்றாங்க,” என்கிறார் வேலையைப் பார்க்க வந்த மேற்பார்வையாளர், சுவரைச் செல்போனில் படமெடுத்தபடி.

குடத்தை ‘ணங்’கென்று இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்து அந்த எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போடுகிறாள். மணி அடிக்கிறது. பெயிண்டரின் டப்பாவிலிருந்து பிரஷ்ஷை எடுக்கிறாள்; அவர் தடுக்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தன் கழுத்தருகே பிரஷ்ஷை வைத்துக் கோடு இழுக்கிறாள். சிவப்புக் கோடு எண்ணின் நடுவே ஓடுகிறது.

“ஏம்மா, நம்பர் மேலயே போடற?” என்கிறார் மேற்பார்வையாளர்.

“இவ்ளோ தண்ணில நின்னுக்கினு, புள்ளய ஒரு கையால தூக்கிப் புடிச்சிக்கினு, இந்த நம்பருக்குத்தான் சார் அடிச்சேன்.”

அவள் கையிலுள்ள போனில் மணி இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது.