‘டி’ எழுத்து நோட்டு

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாம்மா?” மேனேஜர் கவுன்ட்டருக்கே வந்துவிட்டார்.

கேஷியர் நிமிரவில்லை. வந்த நோட்டுகளில், நம்பருக்கு முன்னால் ‘டி’ என்ற எழுத்து இருந்தவற்றை மட்டும் உருவிக்கொண்டு, தன் சம்பளத்திலிருந்து அதே அளவு புது நோட்டைப் பெட்டியில் வைத்தாள். மூன்று மாதமாக இதே வேலை.

“ராசி கீசின்னு ஏதாவது பைத்தியமா? இப்ப ‘கே’ எழுத்து வரைக்கும் அச்சாயிடுச்சு. ‘டி’ பதினஞ்சு வருஷப் பழசு. மேலிடத்துக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிடும்.”

“போனாப் போகட்டும் சார். எனக்குப் பழசுதான் வேணும். இன்னும் நாற்பது நோட்டு குறையுது.”

“எதுக்கு?”

“அண்ணனுக்கு ஆபரேஷன். நான் குடுத்தா செத்தாலும் வாங்க மாட்டான், அவ்வளவு ரோஷம். அப்பா பெட்டியில இருந்துச்சுன்னு சொன்னா வாங்கிப்பான். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு.”

“அட, அதுக்குப் புது நோட்டையே குடேன். எழுத்தையெல்லாம் யாரு உத்துப் பார்க்கப்போறாங்க?”

அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள்.

“அவனும் கேஷியர்தான் சார்.”

மேனேஜர் பர்ஸைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.