இடப்பக்கம் ஒரு பெயர்

தாராவியில் ஆபீஸ்களுக்கு டப்பாச் சாப்பாடு சமைத்து அனுப்பும் விஜயராணிக்கு, டப்பாக்களில் ஒட்டும் லேபிள் அச்சடிக்கப் புதுப் புரோகிராம் வந்திருந்தது. அதை எழுதிய சுடலைக்கண்ணன் செட்டிங்ஸைத் திறந்து உற்சாகமாக விளக்கினார்.

“இடப்பக்கம் ஆளு பேரு. வலப்பக்கம் அவருக்குச் சாப்பாடு எப்படி வேணுங்கிறது. ரெண்டும் ஜோடி. கம்ப்யூட்டரை அணைச்சாலும் மறக்காது. ஒரே பேரை ரெண்டாவது தடவை போட்டா மட்டும் பழசு அழிஞ்சிரும்.”

முகைதீன், காரம் தூக்கல். மாலதி, வெங்காயம் வேண்டாம். விஜயராணி மளமளவென்று அடித்தாள். கடைசி வரியில், வலப்பக்கம் ‘மிளகாய் கூடாது, வயிற்றுப்புண்’ என்று அடித்துவிட்டு நிறுத்தினாள்.

“இடப்பக்கம் காலியா இருந்தா சேவ் ஆகாது. பேரு தெரியாதா?”

“தெரியும். அடிக்க மாட்டேன்.”

“அப்போ போன வாரம் மாதிரி டப்பா மாறித்தான் போகும். பாவம், மனுசன் வயித்தைப் பிடிச்சிட்டுக் கெடந்தாராமே?”

“தெரிஞ்சுக்கிட்டே கேக்குறதைப் பாரு! நெசப் பேருதான் போடணுமா?”

“வேற யாருக்கும் இல்லாத பேரா இருந்தாப் போதும்.”

“அப்படின்னா ஒண்ணு இருக்கு” என்று திரையை மறைத்துக்கொண்டு அடித்தாள்.

மறுநாள் மதியம், செம்பூரில் சுடலைக்கண்ணன் வேலை பார்க்கும் ஆபீசுக்கு டப்பாக்களோடு வந்த டெலிவரிப் பையன் அர்பாஸ், வாசலில் நின்று ஒரு லேபிளை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“அரே பாய், இங்க ‘என்னங்க’ யாரு?”

ஆபீஸே சிரித்தது. சுடலைக்கண்ணன் கையைத் தூக்கினார்.

“நான்தாம்பா. கல்யாணம் ஆன நாள்லேருந்து வீட்டுல என் பேரே அதுதான்.”