காய விடாதே

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வேலை செய்த கான்கிரீட் யார்டில் அன்று காலை என் வீட்டுக்காரர் லோகநாதன் ஒரு கான்கிரீட் பலகைக்கு ஒட்டுப் போட்டார். கம்பிக்கு மேல் போதிய கனமில்லாமல் வார்த்திருந்ததால் துரு வெளியே தெரிந்தது. கொத்தி, துருவைத் தேய்த்து, புதுக் கலவை பூசி, வழக்கம்போல் மூலையில் கட்டைவிரலைப் பதித்தார்.

“நாஷ்டா துன்னுட்டு வரேன் அருணா. ஈரச் சாக்கைப் போட்டு மூடு. நான் வர்றதுக்குள்ள காய வுட்டே, அப்பால இருக்குது உனக்கு!” என்று சிரித்தார்.

கேட்டுக்கு வெளியே லாரி மோதியது. அவர் திரும்பவில்லை.

மூன்று வருடமாகிறது. மேஸ்திரி பாஸ்கர் மாதாமாதம் வந்து பார்க்கிறார். “இன்னாம்மா, இன்னும் ஈரமாவே கீது? இறுகினாத்தானே வண்டியில ஏத்தி அனுப்ப முடியும்?”

நான் தினமும் சாக்கை நனைத்து மூடுகிறேன்.

இன்று காலையும் என் வீட்டுக்காரர் விரல் பதிந்த இடத்தின் ஓரத்தைத் தொட்டேன். விரல் நுனியில் ஈரக் கலவை ஒட்டிக்கொண்டது.